எடை குறைந்த சேலை

தொண்ணூறுகளில் ஆரணியில் ஒரு நெசவாளர் சொசைட்டியில் எடை போடும் வேலை பார்த்தேன். பட்டு நூலை நிறுத்துக் கொடுக்க வேண்டும். நெய்து வரும் சேலையை நிறுத்து வாங்க வேண்டும். கொடுத்ததும் வந்ததும் ஒத்துப்போனால் நெசவாளர் யோக்கியர். குறைந்தால் திருடர்.

நூல் இருந்த கிடங்கு தண்ணீர்த் தொட்டியை ஒட்டியது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். சேலையை எடை போட்டதோ முன்பக்கத் தகரக் கொட்டகையில், வெயில் கொளுத்தும்போது. பட்டு ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கிவிடும். ஆகவே யோக்கியராக இருக்க விரும்பியவர்கள் சேலையை ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பையைத் திறந்தால் குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி சேலை சில்லென்றிருக்கும். யாரும் எதுவும் கேட்பதில்லை.

"ஊரே திருட்டு ஊருங்க. ஆளுங்க சரியில்ல" என்பார் செயலாளர். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் தங்கமான மனிதர், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். நாற்காலி சூடேறுவதற்குள் அவரும் அதையே சொன்னார்.

"கிடங்க மாத்திப் பாக்கலாமே சார்" என்றேன்.

"கிடங்கு என்னங்க பண்ணும்? மனுஷன் மனசு மாறணும்."

முள்ளிப்பட்டில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர் அதுவரை ஒரு முதலாளிக்கு நெய்தவர், அந்தக் கோடையில்தான் சொசைட்டிக்கு வந்தார். துண்டு விஷயத்தை நான் சொன்னதும் கோபித்துக்கொண்டார். "நான் இன்னாத்துக்கு நனைக்கணும்? நூல திருடிகினு போனேனா?"

அவருடைய முதல் சேலையே எடை குறைந்தது. நிறுத்தவன் நான்தான். விசாரணை முடியும்வரை நூல் கிடையாது என்றார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே தறி, அதுவும் நின்றது. அக்கா வந்து உட்காரக்கூட இல்லை. "நூல் குடுக்கச் சொல்லுடா. தறியவே பாத்துகினு கீறாரு, சோறு துன்ன மாட்டேன்றாரு" என்றாள்.

சேலையைத் தடயமாக முத்திரை வைத்துப் பூட்டினார்கள். எங்கே? அதே கிடங்கில். விசாரணை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேலதிகாரி முன்னால் மறுபடி நிறுத்தேன். கொடுத்த நூலைவிடச் சேலை கனத்தது.

அதிகாரி சேலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எடை கூட்ட என்னமோ கலந்திருக்காரு" என்றார்.

"பூட்டி வெச்சிருந்த சேலைங்க."

"பூட்டினது யாரு?"

"நாமதாங்க."

அவர் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். செயலாளர்தான் நல்லவராயிற்றே, வழி கண்டுபிடித்தார். முதலில் குறைவு, இப்போது அதிகம், ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளலாம். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. "இனியாவது ஒழுங்கா இருங்க" என்று மாமாவை மன்னித்து நூல் கொடுத்தார்கள்.

அடுத்த சேலை கொட்டகை வெயிலில் இம்மி பிசகாமல் நின்றது. செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா? ஆளு திருந்திட்டாரு" என்றார் என்னிடம்.

காலிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார் மாமா. சட்டையின் பக்கவாட்டில் பையின் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார்.