கப்பல் கீழே வரும்போது

'இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது.'

திருவிழா ராட்டினங்களுக்கு அனுமதி தரும்போது, இந்த அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். வருவாய்த் துறைப் பணியில் இருந்தவரை நானே பலமுறை போட்டிருக்கிறேன். அதை யாராவது நின்று படித்ததுண்டா? இல்லை... போன வாரம் வரை.

என் தங்கை கணவர் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பல வருட பிரஷர்காரர். சனிக்கிழமை சாயங்காலம் திருவிழாவில், காலேஜ் படிக்கும் பேத்தி கூப்பிட்டாள் என்று, ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, போர்டைப் பாக்கலையா?"

"நேத்தே பாத்துட்டேன் மச்சான். சும்மா அங்கன நின்னு சட்டம் பேசாம நீங்களும் ஏறுங்க!"

கப்பல் வேகம் பிடித்தது. ஒருமுறை கீழே வந்தபோது அவர் தலை பேத்தியின் தோளில் சாய்ந்தது. "தாத்தா பயந்து கண்ணை மூடிக்கிட்டாகன்னு நெனச்சேன்" என்று பிறகு அழுதாள்.

கப்பலை நிறுத்தி இறக்கி, மணலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் கண் திறந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், பிரஷர் ரொம்பக் குறைவு.

"கப்பல் கீழ வரும்போது ஒடம்பு கனக்கும்ல? ரத்தமும் கனத்துக் காலுக்கு இறங்கிரும்" என்றார் டாக்டரம்மா. "அப்ப ரத்தக் குழாய் சுருங்கி, இதயம் வேகமாத் துடிச்சு, தலைக்கு ஏத்தணும். இவுகளுக்கு ஏன் ஏத்தல? ஐயா, இன்னைக்கு எத்தனை மாத்திரை போட்டீக?"

மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். பக்கத்திலேயே என் தங்கை.

"காரணம் தெரியலைன்னா, காலையில மதுரைக்கு அனுப்பி இதயத்தைப் பாக்கணும்."

"அண்ணே, மதுரைக்குன்னா... பெருசா ஏதோ இருக்குல்ல?" தங்கை என் பக்கம் திரும்பினாள்.

பிரஷர் என்றாலே நமக்கு எதிரி. ஆனால் நாம் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கணமும் தலைக்கு ரத்தம் ஏறுவது அந்த அழுத்தத்தால்தானே? மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாதிரிதான் இதயமும். தண்ணீர் இருமடங்கு கனத்தால் மோட்டார் திணறும். அந்த நேரம் பார்த்து கரண்டையும் குறைத்தால்?

மறுநாள் விடிந்து, தங்கை காபி வாங்கப் போனதும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணுக்கு மூணு மாத்திரை மச்சான். பிரஷர் இருக்கவுகதான ஏறக் கூடாது? மத்தியானமே எறக்கிட்டுத்தான் ஏறுனேன். அவகிட்ட சொல்லிராதீக..."

டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, மதுரைப் பயணத்தை நிறுத்தி வைத்தார்.

நிபந்தனையை இவ்வளவு சிரத்தையாக நிறைவேற்றிய இன்னொருவரை நான் கண்டதில்லை. டாக்டரம்மா கேள்வி கேட்டது சனிக்கிழமை. பதில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை — அதுவும் அரசு விடுமுறையில்!