வெம்பிளியைச் சுருட்டிக்கொண்டு போனவள்

"சொக்லேட் மட்டும் வேண்டாம்" என்று டொலறஸ் ஹீத்ரோவில் வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டாள். "முப்பது வருசமா நீங்கள் எல்லாரும் சொக்லேட்டும் வாசனைச் சவுக்காரமும் கொண்டுவந்து எங்களைக் கொல்லுறியள். அதெல்லாம் இப்ப யாழ்ப்பாணத்துக் கடையளிலையே கிடக்கு. நான் எங்கடை பள்ளிக்கூட ரீச்சர்மாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது லண்டனா இருக்கவேணும்."

சிவகௌரிக்கு உள்ளூரச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் சொக்லேட்டும் சவுக்காரமுமாகப் பெட்டி நிறைத்தவள் அவள்தான்.

இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். டொலறஸ் பாசையூர்க்காரி. படித்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு ரீச்சராகி, இப்போது உப அதிபராகவும் இருக்கிறாள். குட்மேய்ஸில் இருக்கும் அண்ணன் மகனின் கலியாணத்துக்கென்று முதல்முறையாக லண்டன் வந்தவள், கலியாண வீடு முடிந்ததும் கடைசிக் கிழமைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெம்பிளிக்கு, சிவகௌரி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சிவகௌரி பஸ் ஓட்டுகிறவள். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கிப் போட்டாள். கலியாணம் கட்டி, பிள்ளையைப் பெற்று, பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு, ஒருநாள் முன்னால் போன பஸ்ஸின் முதுகில் 'எங்களோடு ஓட்ட வாருங்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து புருஷன் பாஸ்கரனிடம் சொன்னபோது, "காரையே உனக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது, பஸ்ஸை என்னெண்டு எடுக்கப்போறாய்?" என்று கேட்டான். "பஸ் முன்னுக்குத்தானே போறது" என்று பதில் சொல்லிவிட்டு மறுநாளே விண்ணப்பம் போட்டாள். சோதனையில் ஒருமுறை தவறிப் பிறகு பாஸ் பண்ணினாள். ஆரம்பத்தில், ஸ்ரேறிங்குக்குப் பின்னால் இவ்வளவு சின்ன மனுசியைக் கண்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று இறங்கிப் போனவர்களும் உண்டு. இப்போது அந்தத் தெருக்களில் அவளைத் தெரியாத ஆட்கள் குறைவு. ஆனால் தன் நகரத்தை அவள் எப்போதும் கண்ணாடிக்கு உள்ளே இருந்துதான் பார்த்திருக்கிறாள். கோபுரம், பாலம், மாளிகை என்று போய் நின்று பார்க்க நேரம் வாய்த்ததில்லை. டொலறஸுக்காக ஒரு வியாழக்கிழமை லீவு போட்டாள்.

காலையில் முதலில் போனது வெஸ்ட்மினிஸ்டர் பக்கம் ஒரு நினைவுப்பொருள் கடைக்கு. சின்னச் சிவப்பு பஸ்கள், உண்டியல் வைத்த ரெலிபோன் பெட்டிகள், காவல்காரனின் தொப்பி போட்ட கரடிகள். டொலறஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"சைனா" என்று வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். "இதுவும் சைனா." கரடியின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாவம், இவரும் அங்கையிருந்துதான் வந்திருக்கிறார்" என்றாள்.

கல்லாவில் நின்ற மீசைக்காரர் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார். "அக்கா என்ன தேடுறியள்?"

"லண்டனிலை செய்த சாமான் ஏதும் இருக்கோ தம்பி?"

அவர் கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சை ஒண்டும் இல்லை அக்கா. நானே சுவிசிலையிருந்து வந்தனான்."

சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான். டொலறஸ் மீசைக்காரரையும் தூக்கிக் கவிழ்த்துப் பார்ப்பதுபோலக் கையைக் காட்டினாள். அதோடு போச்சு. இரண்டு பேரும் ஆளையாள் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மதிலில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்தார்கள். இந்த வயதில் இப்படிச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சிவகௌரி ஒருதரம் யோசித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

தேம்ஸ் கரையோரமாக நடக்கும்போது நீர் வற்றி, சேறும் கல்லுமாகக் கரை தெரிந்தது. டொலறஸ் கல்படிகளைக் கண்டாள். "வாடி, கீழை இறங்குவம். ஆத்துக்கல்லை விட லண்டனா வேறை என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். பாசையூர்க் கடலில் காலை நனைத்து வளர்ந்தவளை யார் மறிக்கிறது? சிவகௌரி சீலைத் தலைப்பும் ஜக்கெட்டுமாகப் பின்னால் தடுமாறிக்கொண்டு போனாள். டொலறஸ் குனிந்து வெள்ளையாய் ஒரு சின்னக் குழாய்த் துண்டை எடுத்தாள். பழங்காலத்துப் புகையிலைக் குழாய், களிமண்ணில் சுட்டது. அவளுடைய முகம் விளக்குப் போட்டமாதிரி மலர்ந்தது.

இறப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரி பக்கத்தில் வந்து, மிகவும் பணிவாக, இந்தக் கரையில் ஏதாவது தேடி எடுப்பதென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சொன்னாள். டொலறஸ் உடனே மன்னிப்புக் கேட்டு, அந்தத் துண்டு எங்கே எப்படிக் கிடந்ததோ அங்கேயே, அதே பக்கம் பார்க்கக் குனிந்து வைத்தாள். நிமிர்ந்தபோது ஒரு சப்பாத்து சேற்றுக்குள் நின்றுவிட்டது. கால் மட்டும் வந்தது. சிவகௌரி சப்பாத்தை இழுக்க, டொலறஸ் சிவகௌரியைப் பிடிக்க, வெள்ளைக்காரி இரண்டு பேரையும் பிடித்தாள். சப்பாத்து பொச்சென்று வந்தது.

"இதுக்கும் பத்திரம் வேணுமோ எண்டு கேளடி" என்றாள் டொலறஸ், சேறு வடியும் சப்பாத்தைக் காட்டி.

கேட்கவில்லை. கேட்கிற நிலையில் சிவகௌரி இல்லை. சிரிப்புத் தாங்காமல் படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

மத்தியானம் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் சந்தைக்கு வந்தார்கள். வியாழக்கிழமைகளில் அங்கே பழைய சாமான் பரப்பி வைப்பார்கள். ஒரு கிழவனின் மேசையில் றெயில் விளக்குகள், ரிக்கற் அடிக்கிற மெஷின்கள். அவற்றுக்குப் பக்கத்தில், மேசையில் சாய்த்தபடி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கறுத்த சீலைச் சுருள் நின்றது. கிழவன் அதன் நுனியைக் கொஞ்சம் விரித்துக் காட்டினான். கறுப்பில் வெள்ளை எழுத்து. சட்பறி. அல்பேட்டன். நீஸ்டன்.

சிவகௌரி அப்படியே நின்றாள்.

"எடி டொலி. இது பஸ்ஸின்ரை நெத்தியிலை இருக்கிறது. எங்கை போற பஸ் எண்டு காட்டுறது. பட்டனை அமத்தினால் உள்ளுக்குச் சுத்திச் சுத்தி ஊர் மாறும். இது எங்கடை கராஜின்ரை."

"என்னெண்டு தெரியும்?"

"இந்த ஒழுங்கு. சட்பறிக்குப் பிறகு அல்பேட்டன், அதுக்குப் பிறகு நீஸ்டன். நான் அந்தப் பட்டனை அமத்தி அமத்தியே கைவிரல் தேய்ஞ்சனான்."

இப்போது வருகிற புதிய பஸ்களில் எழுத்து வெளிச்சத்தில் ஓடுகிறது. கழற்றிப்போட்ட பழைய சீலைகளை இப்படி யாரோ வாங்கிச் சந்தைக்குக் கொண்டு வருகிறார்கள். கிழவன் சில ஊர்களைத் தனித்தனியாக வெட்டிச் சட்டம் போட்டும் வைத்திருந்தான். எந்த ஊர் வேண்டும் என்று கேட்டான்.

"எல்லா ஊரும்" என்றாள் டொலறஸ். சிவகௌரி வாயைத் திறக்குமுன் விலையும் பேசி முடித்துவிட்டாள். அவள் பேசியதெல்லாம், கிழவன் ஒரு விலை சொல்ல, ஒரு சொல்லும் சொல்லாமல் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றதுதான். மூன்றாவது விலையைச் சொன்னபோது கிழவனும் சிரித்துவிட்டான்.

சுருளை முன்னுக்கு ஒருத்தி, பின்னுக்கு ஒருத்தி பிடித்துக்கொண்டு, லிவர்பூல் ஸ்றீற்றில் மெற்றோபொலிற்றன் லைன் ஏறினார்கள். வெம்பிளி பார்க்கில் இறங்கினால் ஸ்ரேசன் வாசலெல்லாம் சனம். அன்றைக்கு ஸ்ரேடியத்தில் யாரோ பெரிய பாடகியின் கச்சேரி. மினுமினுக்கும் சட்டையும் ரோசாப்பூ நிறத் தொப்பியுமாகப் பெட்டைகள், தாய்மார், ஒருசில தகப்பன்மார். ஸ்ரேசனிலிருந்து ஸ்ரேடியப் பக்கம் இறங்குகிற அகலமான படிகளின் உச்சியில், மூச்சு வாங்க நின்றபோது, டொலறஸ் தும்மினாள்.

சுருள் கையை விட்டுப் போனது. கட்டியிருந்த கயிறும் அவிழ்ந்தது. அது ஒரு படி உருண்டது, பிறகு மற்றப் படி, பிறகு யாரையும் கேட்காமல் தன்பாட்டில் வேகம் பிடித்தது. சட்பறி விரிந்தது, அல்பேட்டன் விரிந்தது, நீஸ்டன் விரிந்தது, கிங்ஸ்பெரி, ஹரோ வீல்ட், பிறென்ட் குறொஸ் என்று ஊர் ஊராகப் படியிறங்கிப் போனது. சிவகௌரி மேல்நுனியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்கோ, சொறி, சொறி" என்று இரண்டு பாஷையிலும் கத்தினாள். சனம் விலகியது. விலகி, இரண்டு பக்கமும் நின்று, கைதட்டத் தொடங்கியது.

இது கச்சேரிக்கு வைத்த அலங்காரம் என்று நினைத்தார்களோ என்னவோ. தொப்பி போட்ட ஒரு தாய் 'கிங்ஸ்பெரி'க்குப் பக்கத்தில் குந்தியிருந்து, இது என்னுடைய இடம் என்று படம் எடுத்தாள். அதைக் கண்டதும் ஆளுக்காள் தங்கள் ஊரைத் தேடினார்கள். குறொய்டன் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். "அது வேறை கராஜ்" என்று சிவகௌரி மேலே இருந்து பதில் சொன்னாள், டியூற்றியில் நிற்கிறவள்போல. கீழே சட்டை முழுக்க மினுக்கம் ஒட்டிய ஒரு மனிதர் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றார். மஞ்சள் ஜக்கெட் போட்ட காவலர் ஒருவர் ஓடிவந்து, இது என்ன அம்மா என்றார்.

"வெம்பிளிக்குப் போற பஸ்" என்றாள் சிவகௌரி.

அவர் எழுத்துகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தானும் ஒரு பக்கம் பிடித்தார். கீழேயிருந்து மேலே, ஒரு கூட்டமே சேர்ந்து, ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டு, அந்தச் சீலையைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தது. டொலறஸ் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராத சிரிப்பில் தோள் குலுங்க நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹோலிலிருந்து குசினி வரை விரித்துப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலோடு தரையில் இருந்தார்கள். யாருக்கு எந்த ஊர் என்று டொலறஸ் பங்கு பிரித்தாள். 'ஸ்ரேடியம்' விளையாட்டு ரீச்சருக்கு. 'றெயிலுக்குப் பதில் பஸ்' என்ற துண்டு, லீவு போட்ட எல்லாருக்கும் பதிலாக வகுப்பெடுக்கிற நகுலேஸ்வரி ரீச்சருக்கு.

"'மன்னிக்கவும், சேவையில் இல்லை' எண்டு கிடக்கு. இதை ஆருக்குக் குடுக்கிறது?" என்றாள் சிவகௌரி.

"அதிலை கை வையாதை. அது எனக்கு. தையோடை நான் பென்சன்."

ஹரோ வீல்டுக்கு வந்தபோது சிவகௌரியின் கத்தரிக்கோல் நின்றது. அந்த ஊரின் கதையை டொலறஸுக்குச் சொன்னாள். தனியாக பஸ் எடுத்த முதல் நாள் பதற்றத்தில் இந்தச் சீலையை மாற்ற மறந்துபோனாள். நெற்றியில் ஹரோ வீல்ட், பஸ் போனதோ நேர்மாறாக பிறென்ட் குறொஸுக்கு. நடுவழியில் விளங்கியவர்கள் திட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரு வயதான கறுப்பின மனிதர் மட்டும் கடைசிவரை இருந்தார். அவள் அழுகிற மாதிரி மன்னிப்புக் கேட்க, "வீட்டிலை எனக்காக ஒருத்தரும் காத்திருக்கேல்லை மகள், நல்லா ஓட்டுறாய், திருப்பிக் கொண்டுபோய் விடு" என்றாராம். அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

டொலறஸ் அந்த ஊரின் பெயரைக் கையால் நீவிவிட்டாள். "அப்ப இதை நீ வச்சிரு."

"எனக்கு என்னத்துக்கடி? நான் நாளைக்கும் அங்கைதானே போறன்" என்று சொல்லி, சிவகௌரி ஒரே இழுப்பில் வெட்டிக் கொடுத்தாள்.

பார்சல் கம்பனி ஷிப்ட் முடிந்து வந்த பாஸ்கரன் கதவைத் திறந்து, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். "என்னப்பா இது?"

"பாத்து வாங்கோ, நீங்கள் நீஸ்டனிலை நிக்கிறியள்" என்றாள் சிவகௌரி.

அவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரத்தால் சுவரைப் பிடித்தபடி குசினிக்குப் போய்ச் சேர்ந்தான். ஐந்து நிமிஷத்தில் தேத்தண்ணீரோடு திரும்பி வந்து தானும் குந்திவிட்டான். அல்பேட்டனை ஊரில் இருக்கிற தன் தங்கச்சிக்கும் கொடுக்கலாம்தானே என்று ஒரு கேள்வி வைத்தான். சபை கூடி ஆலோசித்து, சரி என்றது.

அடுத்தநாள் சிவகௌரிக்குக் காலை ஷிப்ட். வெம்பிளி சென்றலில் நிறுத்தியபோது, ஏறுகிற வரிசையில் கலியாணவீட்டுச் சீலை உடுத்து, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி டொலறஸ் நின்றாள். பக்கத்தில் நின்ற குஜராத்தி அம்மா ஒருவரிடம், இந்த பஸ்ஸை ஓட்டுவது என் சிநேகிதி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு ஏறினாள். ஓடிப்போய் மேல்தட்டில் முன் சீற்றைப் பிடித்துவிட்டாள். மேல்தட்டைக் காட்டுகிற சின்னத் திரையில் சிவகௌரி பார்த்தாள்: மரக்கொப்புகள் கண்ணாடியில் உரசும்போதெல்லாம் டொலறஸ் தலையைக் குனிந்தாள், பிறகு கமெராவைத் தேடிப் பிடித்து இரண்டு கையையும் ஆட்டினாள். வண்டி ஓட்டுகிறவள் சிரிக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. சிவகௌரி ஒவ்வொரு தரிப்பிலும் ஏறியவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக் காலை வணக்கம் சொன்னாள்.

பிறென்ட் குறொஸில் எல்லாரும் இறங்கிய பிறகு டொலறஸ் படியிறங்கி வந்தாள். முகமெல்லாம் வெயில்.

"இதுக்குப் பிறகு எங்கை போறது?"

"எங்கையும் இல்லை. திரும்பி வந்த வழிதான்."

"அப்ப நான் இறங்கேல்லை" என்று சொல்லிவிட்டு, பஸ் கார்டை இன்னொருமுறை மெஷினில் ஒத்தி, திரும்பவும் மேலே ஓடினாள்.