கரையில் கேட்கக் கூடாத கேள்வி

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய், காலை. என் மகள் ஸ்டெல்லா ஸ்கூட்டரில் விம்கோ நகருக்குச் சென்றுகொண்டிருந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று அவளை இடித்தது.

அதே வாரம், வெள்ளி, மாலை. ஆலயத்தில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது மருத்துவமனையில் இறந்தாள். ஞாயிறன்று அடக்கம் செய்தோம்.

ஏப்ரல். அவளுடைய மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். அவர்களில் டில்லிபாபு கணக்குத் தாளை மட்டும் எழுதவில்லை.

மே. முடிவுகள் வந்தன. மற்ற அனைவரும் தேர்ச்சி.

ஜூலை. டில்லிபாபுவுக்குக் கணக்கில் துணைத்தேர்வு.

நடந்தவை இவ்வளவே. நம் பங்கின் அன்பியக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். பேசினால் குரல் ஒத்துழைக்காது. ஆகவே எழுதித் தருகிறேன்.

விம்கோ நகரில், மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஸ்டெல்லா ஒரு பள்ளியை நடத்தினாள். வேறு பள்ளிகள் வெளியேற்றியவர்கள், கூர்நோக்கு இல்லத்திலிருந்து திரும்பியவர்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர்கள், வியாசர்பாடிக் குடியிருப்புகளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய பெண்கள் அங்கே வந்தார்கள். படகுகள் கட்டிக்கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் துறைமுகப் பிள்ளைகளுக்கு ஓய்வு. எனவே மற்ற பள்ளிகளின் கோடை விடுமுறையில் அவளுக்கு மும்முரமான வகுப்புகள் நடக்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாடத்தைக் கற்றவர், பள்ளிக்கு வெளியே யாருக்காவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு அந்த ஆளைக் கூட்டிவர வேண்டும். வந்தவர் “புரிந்தது” என்று எல்லார் முன்னும் சொன்னால்தான் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கு. மீன் கூடையோடு தாய்மார்கள் வந்து நின்று, பூமி சுற்றுவதால்தான் இரவு வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அன்று அதை வேடிக்கை என்று நினைத்தேன்.

நான் கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவன். எனக்கு ஜெபிக்கத் தெரியும். அந்தச் செவ்வாயிலிருந்து வெள்ளிவரை தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நின்று, எந்தச் சொல்லும் பிசகாமல், மன்றாட்டும் நன்றியும் சரணும் முறைப்படி அமைய ஜெபித்தேன். பதில் வரவில்லை. இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் இந்தச் சாட்சி பொய்யாகும்.

டில்லிபாபு விசைப்படகில் வேலை செய்யும் இளைஞன். கணக்குத் தேர்வன்று அவன் அவளுடைய கல்லறைக்கருகே உட்கார்ந்திருந்தான் என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். அவள் கடைசியாகத் தயார் செய்தவர்களில் அவன் ஒருவன் மட்டும் மீதி. அவன் தேறினால் அவள் வேலை முடிந்தது என்று என் மனம் பிடித்துக்கொண்டது. அதைத் தவிர எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

துணைத்தேர்வு நாளின் விடியற்காலையில் அவனுடைய படகு புறப்படுவதாக இருந்தது. போனால் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தடை நீங்கி மீன் படும் அந்தச் சமயத்தில் கரையில் நின்றவனுடைய இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். “பர்ச்ச அடுத்த தபா கூட வரும் சார், போட்டு வராது” என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டான்.

அன்று விடியுமுன் எழுந்தேன். நீண்ட ஜெபம் வரவில்லை. “ஆண்டவரே, இவனையாவது கொடும்” என்றேன். அதில் மரியாதைகூட இல்லை.

காசிமேட்டுக்குப் போனேன். படகை ஓட்டும் ஏகாம்பரத்தை அங்கே டிரைவர் என்பார்கள். அவரிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒழுங்குபடுத்தியிருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு என்னைக் கண்டும் காணாததுபோல் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றான். எடுத்த எடுப்பில் வேண்டுகோள் வைப்பது நாகரிகமல்ல என்று எண்ணி, பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்டேன்:

“எங்கே போகிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்?”

கயிறு அவிழ்த்தவன் கை அப்படியே நின்றது.

“போச்சு மாமு,” என்றான் ஒருவன். “பெர்சு வாய வெச்சிட்டாரு.”

ஏகாம்பரம் என்ஜினை நிறுத்திவிட்டுக் கரைக்குத் தாவி வந்தார். “இன்னா சார், கடலுக்குப் போறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? திரும்பி வர்றத நீ சொல்வியா, நான் சொல்வேனா? படிச்ச மன்சன்தானே நீ?”

“மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியாது.”

“தெர்லன்னா வாய மூடிக்கினு நிக்கணும்! டேய், கயிறக் கட்டுங்கடா. இன்னிக்கு எவனும் போவ வேணாம்.”

“அண்ணே, ஐசு கரைஞ்சிடும்ணே.”

“கரையட்டும். ஐச இவரு தலைல கொட்டு.”

சிலர் சிரித்தார்கள். நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வேண்டுகோளில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஏகாம்பரம் திரும்பி டில்லிபாபுவைப் பார்த்தார்.

“நீ இன்னாடா முழிக்கற? பர்ச்ச கிர்ச்சன்னு பொலம்பிக்கினு இருந்தியே, போய் எழுதித் தொல. நாளைக்கு விடியக்காலைல இங்க இருக்கணும், சொல்ட்டேன்.”

அவன் என் பின்னால் ஆட்டோவில் ஏறும்போது மீன் வாடையோடுதான் ஏறினான். தேர்வு எழுதினான். தேறினான்.

முடிவு வந்த சில நாட்களில், மாலை வகுப்புக்கு அவன் ஏகாம்பரத்தைக் கூட்டிவந்தான். ஸ்டெல்லாவின் வழக்கத்தை மாணவர்கள் விடவில்லை. எல்லார் முன்னும் நின்று ஏகாம்பரம் சொன்னார்:

“சதவீதம்னா நூத்துக்கு எத்தினின்னு அர்த்தம். போட்டுலயே சொல்லிக் குட்தான். புரிஞ்சிது. போதுமாடா நைனா?”

கைதட்டினார்கள். போகும்போது என்னருகில் வந்து, “அன்னிக்கு வாய் வுட்டுட்டேன், மனசுல வெச்சிக்காத சார்,” என்றார். பிறகு சொன்னார்: “டீச்சர் எத்தினியோ தபா ஹார்பருக்கு வந்துகீறாங்க. பசங்க போறத நின்னு பாப்பாங்க. ஒரு தபா கூட அத்தக் கேட்டதில்ல.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே அல்லது யாரிடமோ கேட்டு, கற்றிருக்கிறாள்.

அந்தக் கேள்வி தீமையை வரவழைக்கும் என்பது மூடநம்பிக்கை. இதை இன்றும் உறுதியாகச் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க் காலையில், அவள் ஹெல்மெட்டை எடுத்தபோது, வழக்கம்போல் நானும் கேட்டேன். “எப்போது திரும்புவாய்?” அவள் சிரித்துவிட்டு, “வரேன்பா,” என்றாள்.

சகோதர சகோதரிகளே, அழகாக அமைத்த என் ஜெபம் கேட்கப்படவில்லை. மரியாதையற்ற ஒரு வரி கேட்கப்பட்டது. அதுவும் என் அறியாமையின் வழியாக. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களோடு இப்போதைக்கு நான் உட்கார முடியாது. ஆனால் அந்தப் பையன் அன்று பத்து மணிக்குத் தேர்வு அறையில் இருந்தான். அதற்கு நான் நன்றி சொல்கிறேன். வாய் கசக்கத்தான் சொல்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டை விட்டு வெளியே வந்தவன் இப்போது தினமும் பள்ளியைத் திறந்து விளக்குப் போடுகிறேன். உங்களில் பதில் கிடைக்காதவர்கள் இருந்தால், சொற்கள் சரியாக அமையும்வரை காத்திருக்க வேண்டாம். கோபத்தோடே கேளுங்கள். கேட்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னும் செய்யாதவை:

கணக்கு கற்பிக்க ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும்.

டில்லிபாபுவைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஏகாம்பரத்திடம் அதை அவனே பேசுவான்.

காவல் நிலையத்திலிருந்து ஹெல்மெட்டை வாங்கி வர வேண்டும்.

கரும்பலகையின் மூலையில் அவள் எழுதிவிட்டுப் போன வீட்டுப்பாடம் அப்படியே இருக்கிறது. அழிக்க வேண்டும்.