லிஃப்ட் இன்ஜினியர்

பெண் வீட்டார் வாகட் பகுதியில் இருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். எந்த அடுக்குமாடி என்று கேட்டேன். நினைத்தது சரிதான். அங்கே இருக்கும் லிஃப்டுகளை மாதாமாதம் போய்ப் பார்ப்பவன் நான்.

"என்னை என்னன்னு சொல்லி வச்சிருக்க?" என்றேன்.

"லிஃப்ட் இன்ஜினியர்னு சொல்லியிருக்கேன். என்ன தப்பு? நீயும் மெஷினோடதானே மாரடிக்கிற."

நான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, காலேஜ் வேண்டாம், ஐ.டி.ஐ.க்குப் போகிறேன் என்று நானேதான் சொன்னேன். ஒரு சாமான் ஓடாமல் நின்றால் அது ஏன் நின்றது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இந்த மராத்தி ஊரில் நாங்கள் குடியிருக்கும் ஆகுர்டியில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது நான் சந்தோஷமாக ஸ்பேனரைப் பிடித்தேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. முட்டி வலிக்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது, உடம்பெல்லாம் கிரீஸ் நாற்றத்தோடு வீடு திரும்புகிறேன். அதெல்லாம் போகட்டும். இந்தப் பெண் பார்க்கும் படலம்தான் என்னைச் சக்கையாகப் பிழிந்துவிட்டது. மெக்கானிக் என்றதும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதை எத்தனை வீட்டில்தான் பார்ப்பது?

அதனால் இந்தப் பெண்ணிடம் போனில் பேசியபோதே உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். அவள் தமிழ் பாதியில் இந்திக்குத் தாவும், ஒரு சிரிப்போடு திரும்பி வரும். எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிப் போனால் இனி எந்த வீட்டுப் படியும் ஏறத் தெம்பில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அம்மா பட்டுப்புடவையில், கையில் பழத்தட்டோடு. வாட்ச்மேனுக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "அரே பாவு, ஆஜ் பி டியூட்டி?" அண்ணே, இன்றைக்குமா வேலை என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சாமான் ஏற்றும் சர்வீஸ் லிஃப்ட் பக்கம் கை காட்டினான். எங்களை வரவேற்கக் கீழே இறங்கி வந்திருந்த பெண்ணின் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மகள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்துவிட்டது.

மேலே கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முறைப்படி வந்தன. அவர் மழையைப் பற்றிப் பேசினார், ஹிஞ்சவாடி டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பெண் இரண்டு தரம் "அப்பா" என்று ஆரம்பித்தாள். அவர் காதில் வாங்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது கதவுவரை வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "வந்ததே வந்தீங்க தம்பி. நம்ம லிஃப்ட் நாலாவது மாடி தாண்டும்போது கடகடன்னு சத்தம் போடுது. போற வழியில ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுங்களேன்."

சம்பந்தம் இல்லை என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. சரி சார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவனுக்கு இன்னிக்கு லீவுங்க" என்றாள் அம்மா. "மெக்கானிக்குக்கும் லீவு உண்டு. கம்பெனிக்குப் போன் பண்ணுங்க, நாளைக்கு வருவான்."

லிஃப்டில் இறங்கினோம். நாலாவது மாடியில் அவர் சொன்ன சத்தம் கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எதனாலடா வருது?"

"லிஃப்ட் பிடிச்சுக்கிட்டு ஓடுற இரும்பு ரெயில் ரெண்டு சேர்ற இடம் கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருக்கும்மா. அரத்தால ராவி விடணும்."

இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி அது.