கட்டிலடியில் ஆடு தின்ற கஞ்சி

என் வலது முழங்கால் மடங்காது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தக் கால் மட்டும் எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். யாராவது கேட்டால், "கீழ விழுந்துட்டேன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். விழவில்லை. முள் ஏறியது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு டிவிப் பெட்டி வந்த வருஷம் அது. திருச்சுழிப் பக்கம் மழை இல்லையென்றால் வேறு வேலை கிடையாது. கரிமூட்டம் போடுகிறவர்களுக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போவோம். தூரைத் தோண்டுவதற்காக மண்டி போட்டபோது முழங்காலில் முள் ஏறி, உள்ளேயே முறிந்துபோனது. வெளியே தெரிந்த பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அன்று பொழுது சாயும்வரை வேலை பார்த்தேன். பத்து நாளில் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கியது. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டவேண்டுமென்றால் சேலையை மேலே ஏற்றவேண்டும். மருந்து கட்டுகிறவர் ஆம்பிளை. அந்த வெட்கத்திலேயே மூன்று மாதம் போய்விட்டது.

மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மூட்டு முழுக்கச் சீழ். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"மூட்டு போச்சும்மா. மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒண்ணா வச்சு இறுக்கப் போறோம். ஒட்டிக்கிட்டா நீட்டுன காலோட நடப்பீங்க. ஒட்டாமப் போயி, கம்பி போற துளையில சீழ் வச்சுதுன்னா தொடையோட எடுக்கவேண்டியதாயிரும்."

தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் உழைக்கிற கால்கள் நாலு. அதில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று அந்தத் தலையாட்டலுக்குள்ளேயே நினைத்து முடித்துவிட்டேன்.

கண்ணை விழித்தபோது கால் என்னுடையது மாதிரி இல்லை. முட்டிக்கு மேலே தொடை எலும்பின் குறுக்கே ஒரு கம்பி, முட்டிக்குக் கீழே ஒரு கம்பி. இரண்டும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தன. வெளியே நீட்டிய முனைகளை இரண்டு பக்கமும் திருகாணி வைத்த சட்டங்களால் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். புண் ஆறத் தொடங்கியதும், அருப்புக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு என்னை விட்டுத் தனியாகக் குலுங்கியது.

வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் தறிப் பட்டறையில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒருநாள்தான் வர முடியும். பிள்ளைகளைப் பரளச்சியில் என் அம்மா வீட்டில் விட்டோம். என்னைப் பார்த்துக்கொள்ள நரிக்குடியிலிருந்து அவருடைய அக்கா வந்தார்கள். நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லாதவர்கள். பால் கறக்கிற ஒரு வெள்ளாட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"பால் ஒனக்கு. புழுக்கை எனக்கு. வா, காலைக் காட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. ஒரு வாசல், ஒரு கண்ணாடி ஓடு. அந்த ஓட்டு வழியாக விழுகிற வெளிச்சம் காலையில் என் கால் கட்டைவிரலில் இருக்கும். பிறகு இரும்பின் மேல் ஏறும். மத்தியானம் வயிற்றுக்கு வரும். அப்புறம் சுவருக்குப் போய்விடும். நான் போகமுடியாது. புரண்டு படுக்க முடியாது. முதுகு வெந்து வேர்க்குரு போட்டிருந்தது. வெளிச்சம் இரும்பில் விழுகிற நேரம் அது சுடும். அந்தச் சூடு எலும்புக்குள்ளே போவது போலவே இருக்கும். சேலையை இழுத்துவிட்டால் திருகாணியில் நூல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பழைய வேட்டியைத்தான் மேலே போர்த்தியிருப்பார்கள்.

அந்த வேட்டியைத் தூக்கிப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை.

"எம்மா, எலும்புக்குள்ளயே போகுதா?"

"இந்தப் பக்கம் தட்டுனா அந்தப் பக்கம் கேக்குமா?"

"சைக்கிளு கடையில இதே மாதிரி நட்டு இருக்குடி."

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி கிடப்பேன். ஓடிப்போகவோ திரும்பிக்கொள்ளவோ முடியாத ஒருத்திக்கு அது ஒன்றுதான் கதவு.

மதினி காலையிலும் சாயங்காலமும் உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, கம்பி நுழைகிற நாலு வாயையும் துடைப்பார்கள். ஒரு வாய்க்கு ஒரு பஞ்சு. அடுத்ததற்கு அதைக் கொண்டுபோகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொல்லிக்கொடுத்தது. காய்ந்த பக்கை மெதுவாக ஊறவைத்து எடுத்துவிட்டு, கம்பியைச் சுற்றிப் புதுத் துணி வைப்பார்கள். காட்டில் ஆடு மேய்த்த கை. ஆனாலும் வலித்ததில்லை.

எனக்கு வலித்தது வேறு. நாங்கள் எல்லோரும் விடியுமுன் ஓடைப் பக்கம் போகிறவர்கள். இப்போது படுத்த இடத்திலேயே, மூத்தவர்களான மதினி என் இடுப்பைத் தூக்கி, அடியில் தட்டை வைத்து, பிறகு அதை எடுத்துக்கொண்டு தெரு வழியாக நடந்து போகவேண்டும். முதல் நாள் அந்தத் தட்டோடு அவர்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்வீட்டில் யாரோ மூக்கைப் பொத்திச் சிரித்த சத்தம் கேட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்.

வெளியே வெயில் என்பதால் ஆட்டை என் கட்டில் காலில்தான் கட்டியிருந்தார்கள். மதினி கஞ்சியையோ சோற்றையோ கையில் கொடுத்துவிட்டு ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போவார்கள். அந்த நேரத்தில் கிண்ணத்தோடு கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் போதும். ஆடு வந்து கிண்ணத்தில் வாயை வைத்துவிடும். ஒரு நக்கு கூட மிச்சம் இருக்காது. நான் இரண்டு வாய் மட்டும் சாப்பிடுவேன். தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்குக் குடிப்பேன். பாலை மட்டும் அவர்கள் கண்முன்னால் குடித்தாகவேண்டும்.

"இன்னைக்கு நல்லாத் தின்னுட்டாளே" என்று வெறும் கிண்ணத்தைப் பார்த்து மதினி சந்தோஷப்படுவார்கள். மறுநாளும் அதையே செய்வேன்.

மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல் அடித்தது. கீழ்க்கம்பியின் வாய் சிவந்து, துணியில் மஞ்சளாக நனைந்தது. வீட்டுக்காரர் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் கம்பியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆடலை. ஆனா ஆள் வத்திப்போயிருக்காங்களே. சாப்பிடுறாங்களா?"

"நல்லாச் சாப்பிடுறா சார். வழிச்சு நக்கிச் சாப்பிடுறா" என்றார்கள் மதினி.

டாக்டர் ஊசிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சொன்னதை நான் கேட்டேன். "ரெண்டு வாரம் பாப்போம். இப்படியே போனா காலை எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

திரும்பி வந்த பிறகும் நான் ஆட்டுக்கு ஊட்டுவதை நிறுத்தவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே புரியவில்லை. கால் போய்விடும் என்பது தெரியும். அந்தப் பயம் ரெண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. தட்டு தினமும் காலையில் வந்தது.

நாலாம் நாள் ஆடு விழுந்தது. இடதுபக்க வயிறு முரசு மாதிரி உப்பி, பல்லை நறநறவென்று கடித்தது. மதினி எண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். வயிற்றைப் பிசைந்தார்கள். பிறகு கழிச்சலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள்.

"ஏத்தா, இதுல சோத்துப் பருக்கை கெடக்கே. நான் இதுக்குச் சோறு வைக்கலையே. யாரு வச்சது?"

"நாந்தான் மதினி."

"எம்புட்டு?"

"எல்லாத்தையும்."

"எத்தன நாளா?"

"வந்த மறுநாள்லருந்து."

குச்சியைக் கீழே போட்டார்கள். "அப்ப நான் ஒனக்கு ஒரு மாசமாப் பொங்கலை. எங்க ஆட்டுக்குத்தேன் பொங்கியிருக்கேன். ஏன்? என் கை ருசி பிடிக்கலையா?"

"இல்ல மதினி. தின்னா… வெளிக்கு வரும். நீங்கதான அள்ளணும்."

அவர்கள் என்னை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஏ கூறுகெட்டவளே. காலை வெட்டிப்புட்டா அப்ப மட்டும் நீ எந்திரிச்சு ஓடைக்கு ஓடிருவியா? அப்பயும் நாந்தேன் அள்ளணும், சாகுற மட்டும். ஒத்தக் காலு உள்ளவளுக்கு அள்ளுறதுக்கு, ரெண்டு காலு உள்ளவளுக்கு ரெண்டு மாசம் அள்ளிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே பால் ஆடு அது. பிழைக்காது என்று தெரிந்ததும், உயிர் போகுமுன் ஆள் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார்கள். கறியைத் தெருவுக்குப் பங்கு வைத்தார்கள். நாலு காலையும் தீயில் வாட்டி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுச் சாறு வைத்து என் முன்னால் கொண்டுவந்தார்கள்.

"எனக்கு வேணாம் மதினி."

"நீ குடுத்த கஞ்சிதேன். சுத்திட்டு ஒங்கிட்டயே வருது. குடி."

நான் அழுதுகொண்டே குடித்தேன். கிண்ணம் காலியாகும்வரை அவர்கள் நகரவில்லை. அன்றிலிருந்து ஊருணிக்கும் நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் போவார்கள்.

மறுநாள் அரிவாளை எடுத்து, நான் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலில் என் இடுப்புக்கு நேராகக் கயிற்றை அறுத்தார்கள். அறுத்த முனைகள் பிரிந்துவிடாமல் ஓரத்தைச் சுற்றி இறுக்கி முடிந்தார்கள். கீழே ஒரு மண்சட்டியில் சாம்பலைப் பரப்பி வைத்தார்கள். கூரையின் மூங்கில் கைமரத்திலிருந்து ஒரு சேலையைத் தொங்கவிட்டு என்னை மறைத்தார்கள்.

"இனி ஒன்னைத் தூக்கவும் வேணாம், யாரும் பாக்கவும் வேணாம். முடிஞ்சதும் கூப்பிடணும். எப்பிடிக் கூப்பிடுவ?"

"மதினின்னு."

"எதுத்த வீட்டுக்காரிக்குக் கேக்கட்டும். சத்தமா."

"மதினி."

"கொசு கத்துற மாதிரி இருக்கு. போகப் போகச் சரியாகும்."

நாள்கள் அதற்கப்புறமும் அப்படியேதான் போயின. வெளிச்சம் கட்டைவிரலில் தொடங்கிச் சுவரில் முடியும். இரும்பு சுடும். பார்க்க வருகிறவர்கள் சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். மாறியது ஒன்றுதான், நான் தின்றேன். கேப்பைக் களி, முட்டை, மொச்சை, எது கொடுத்தாலும். தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தேன். கம்பியின் வாயில் சிவப்பு வற்றியது. துணி காய்ந்தே வந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மதினி என் கையைப் பிடித்திருந்தார்கள்.

"ஒட்டிருச்சு" என்றார் டாக்டர். "கம்பியை எடுத்துட்டு மாவுக்கட்டுப் போட்டுரலாம்."

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். ஸ்பேனரும் கருவித் தட்டும் வந்தன. டாக்டர், அவர் கூட இரண்டு படிக்கிற பையன்கள், கட்டுப் போடுகிறவர், எல்லோரும் ஆம்பிளைகள், என்னைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் முதல் திருகாணியில் ஸ்பேனரை வைத்தார்.

"நிறுத்துங்க சார்" என்றேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். படிக்கிற பையன்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஸ்பேனரைத் தட்டில் வைத்துவிட்டு, "எல்லாரும் வெளிய வாங்கப்பா" என்று சொல்லித் தானும் வெளியே போனார். நாலு ஆம்பிளைகளும் வீட்டுக்காரரும் எனக்காகக் கதவுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"அவசரப்படாத" என்றார்கள் மதினி. "நிக்கட்டும்."