நாங்கள் நட்ட சிவப்புக் குச்சிகள்

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தேடுகிற தொழிலில் நூறு குழி தோண்டினால் தொண்ணூற்றொன்பதில் மண்தான் இருக்கும். நூறாவதில் ஈர மண் இருக்கும். சம்பளத்துக்காக அடுத்தவன் காணியில் கால் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. நான் திருகோணமலை அன்புவழிபுரத்துக்காரன். சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சமாதானம் என்று எல்லோரும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு மேலாளர். கம்பனி என்றால் அவ்வளவுதான். வெருகலுக்குக் கிட்ட ஒரு கடற்கரைக் கிராமத்தில் கறுப்பு மணல் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. அதில் பெயின்ற் செய்யலாமாம்.

கையெழுத்து

அரசாங்கக் கடிதம் கையில் இருக்கிறது, நேரே போய்த் தோண்டலாம் என்றார் மேலாளர். போனோம். அந்த மண்ணில் பரம்பரையாக இருக்கிற சனம் அவர்கள். காணிக்கு உறுதி, பத்திரம் ஒன்றும் கிடையாது, ஆனால் எந்த மரம் யாருடையது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் போன நேரம் அவர்களுடைய தெய்வங்களுக்குச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை யாரும் மண்வெட்டி தொடக்கூடாது. மூன்று நாள் ஒரு நாவல் மரத்தடியில் குந்தியிருந்தோம். மேலாளர் மணிக்கூட்டைப் பார்த்தே களைத்துப்போனார்.

நாலாம் நாள் கணபதி அண்ணர் வந்தார். ஊரில் ஒரு காரியம் என்றால் அவரைத்தான் கேட்பார்கள். தோண்டுகிற குழியெல்லாம் மூடித் தரப்படும் என்று எழுதிய பத்திரத்தை மேலாளர் வாசித்துக் காட்டினார். அண்ணர் பேனையை வாங்கினார், ஆனால் உடனே கையெழுத்து வைக்கவில்லை. "குழி மூடுறது கிடக்கட்டும் தம்பி. இஞ்ச என்ன கிடைச்சாலும், ஒண்டும் கிடைக்காட்டியும், எங்களிட்ட வந்து சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்."

காய்ந்த குச்சி

தோண்டவேண்டிய இடங்களில் முதலில் குச்சி நட்டு, நுனியில் வெள்ளைத் துணி கட்டி, இலக்கம் எழுதிவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாகப் போய்த் துளைக்கருவியைக் கையால் திருகி மண் எடுப்பது. திங்கட்கிழமை நாற்பது குச்சி நட்டால் புதன்கிழமை பதினைந்து நிற்கும். நான் வெயிலில் நாயாய் அலைந்து திரும்பவும் நடுவேன், திரும்பவும் காணாமல் போகும்.

ஒருநாள் கணபதி அண்ணரின் மனைவி தெய்வானை அக்காவின் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவதான் சமைத்துத் தருவது. அடுப்பில் என்னுடைய முப்பத்திரண்டாம் இலக்கம் எரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. "காஞ்ச குச்சி நட்டால் அடுப்புக்கு எண்டுதான் நினைப்பம். பச்சைக் கிளுவையா நட்டிருந்தால் வேலிக்காக்கும் எண்டு தண்ணி ஊத்தியிருப்பம்."

மண் மூட்டை

மண் எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, பைக்குள் இலக்கத் துண்டு போட்டு, படகில் திருகோணமலைக்குக் கொண்டுவர வேண்டும். இறங்குதுறையில் சோதனை. அங்கே காவலுக்கு நின்ற சிங்களக் கடற்படைப் பொடியன் ஒரு பையை அவிழ்த்தான், மண். இரண்டாவது, மண். பத்தாவதுக்குப் பிறகு அவனுக்கு என் மேல் சந்தேகம் போய் இரக்கம் வந்துவிட்டது. அவன் நின்ற காவலரணைச் சுற்றி நெஞ்சளவுக்கு மண் மூட்டை அடுக்கியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிப் பார்த்தபின், இரண்டு கிழமை வேலை ஒரு மேடாகக் கிடக்க, தெரிந்த தமிழில் அன்பாகத்தான் கேட்டான்: "திருகோணமலையில மண் இல்லையா, தம்பி?"

கருவாடு

எல்லா மண்ணும் கலந்துபோனதால், திரும்ப எடுப்பதற்காக மறுபடியும் குச்சி நட வேண்டி வந்தது. நகரத்துக் கடையில் வெள்ளைத் துணி முடிந்துவிட்டது, மஞ்சளும் இல்லை. சிவப்பு ரிபன் மட்டும் சுருள் சுருளாகக் கிடந்தது. வாங்கினேன். நான் சண்டைக்குள் பிறந்து வளர்ந்தவன். சிவப்பு அடையாளம் கண்டால் பாதையை விட்டு விலகு என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கடையில் அது என் புத்தியில் ஏறவில்லை.

இந்த முறை ஒரு குச்சிகூடக் காணாமல் போகவில்லை. மேலாளர் என்னைப் பாராட்டினார். நானும் சனம் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒருநாள் தெய்வானை அக்கா சாப்பாடு பிந்திக் கொண்டுவந்தா, முகமெல்லாம் வியர்வை. எங்கள் குச்சிகள் நிற்கிற பற்றைக் காட்டுக்குள்ளால் தோணித்துறைக்குப் போகும் குறுக்குப் பாதையை ஊரே விட்டுவிட்டதாம். வலை தூக்குகிறவர்களும் தண்ணீர் அள்ளுகிறவர்களும் றோட்டால்தான் சுற்றி வருகிறார்களாம். "மண் பாக்க வந்த இடத்தில மிதிவெடியையும் கண்டு, சிவப்புக் கட்டி விட்டிருக்கிறியள். நல்ல பிள்ளையள் எண்டு இவர் சொன்னவர்" என்று சொல்லி, கணபதி அண்ணர் தந்துவிட்ட கருவாட்டுப் பொதியையும் நீட்டினா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'ஐயோ அக்கா, அது வெறும் குச்சி.' அவ்வளவுதான். சொன்னால் மறுநாள் அத்தனையும் அடுப்புக்குள் போகும், நான் திரும்பவும் வெயிலில் அலைய வேண்டும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. கருவாட்டை வாங்கிக்கொண்டு சிரித்தேன். பின்னேரம் மனம் பொறுக்காமல் மேலாளரிடம் கதைத்தேன். அவர் எனக்கும் வசதியான பதிலைச் சொன்னார்: "வேலை முடியட்டும். கடைசி நாளில சொல்லுவம்."

கடைசி நாள்

எங்கள் தொழிலில் கடைசி நாள் என்று ஒன்று முன்கூட்டியே வருவதில்லை. ஒரு காலையில் கொழும்பில் இருக்கிற கம்பனி முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. திரும்பவும் சண்டை தொடங்கப் போகிறது, உடனே வெளிக்கிடுங்கள். கருவியைத் தூக்கிப் போட்டோம், பைகளைத் தூக்கிப் போட்டோம். திறந்திருந்த இரண்டு குழியைக்கூட ஓடிப்போய் மூடினேன், ஏனென்றால் பத்திரத்தில் அது இருந்தது. வாகனத்தில் கால் வைக்கும்போது பற்றை ஓரத்தில் சிவப்பு அசைவது தெரிந்தது. குச்சியைப் பிடுங்கிவிட்டு, ஊருக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். மேலாளர் கதவைத் தட்டினார்: "குச்சி என்ன தங்கமோ? ஏறுங்கோ!"

ஏறினேன். என்னை ஒருவரும் கட்டித் தூக்கிப் போடவில்லை, நானாகத்தான் ஏறினேன்.

முகாமில்

பீரங்கிச் செல் விழத் தொடங்கி அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த பிறகு, பல மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த முகாமில் தெய்வானை அக்காவைக் கண்டேன். வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற ஒரு மர வாங்கிலில் தனியாக இருந்தா. கணபதி அண்ணர் எங்கே என்று கேட்டேன். அவ சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். ஊரை விட்டு ஓடிய அன்றைக்குத் தோணிகள் துறையில்தான் நின்றன. குறுக்குப் பாதையால் போனால் பத்து நிமிஷம். குச்சி நிற்கிறது, பிள்ளை குட்டிகளோடு அதுக்குள்ளே போக ஏலாது என்று அண்ணர்தான் எல்லோரையும் றோட்டால் திருப்பியிருக்கிறார். எல்லோரும் போகட்டும் என்று கடைசியாக நடந்தாராம். செல் றோட்டில் விழுந்தது.

அந்தப் பாதையில் வெடி இருக்கவில்லை என்று சொன்னேன். அது என்னுடைய குச்சி, கடையில் வேறு நிறம் இருக்கவில்லை, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்ததும், ஏசட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன். அவ என் கையைப் பார்த்தா. பிறகு கேட்டா: "இவர் உங்களிட்டக் கேட்டவரெல்லே, கிடைச்சாலும் கிடைக்காட்டியும் வந்து சொல்லவேணுமெண்டு. சொல்லுங்கோ தம்பி, என்ன கிடைச்சது?"

ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன்; குழியெல்லாம் மூட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வைத்த கெட்டிக்காரர்கள் நாங்கள், குச்சியைப் பிடுங்க வேண்டும் என்று மட்டும் எழுத மறந்துவிட்டோம்.