முன் டயரின் உள்விளிம்பு

நிற்கிற எந்தக் காரைப் பார்த்தாலும் குனிந்து முன் டயரின் உள்விளிம்பைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. என் கணவருக்கு இது பிடிக்காது. கல்யாண மண்டப வாசலில் பட்டுப்புடவையோடு நான் குனிந்தால், தெரியாதவரைப்போல முன்னால் போய்விடுவார். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி.

லாபிஸில் எங்கள் வீட்டில்தான் மாமா தங்கியிருந்தார். பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, குட்டை ஸ்பிரிங் மாட்டி, வயிறு தரையில் உரசுகிற அளவுக்கு இறக்கியிருந்தார். எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவில் ஒரு வேகத்தடை மேடு உண்டு. அதைக் கடக்க எல்லாரும் காரைவிட்டு இறங்கவேண்டும். அம்மா மீன் பையோடு இறங்குவார், நான் புத்தகப்பையோடு. கார் காலியாக, கோணலாக ஊர்ந்து அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஏறிக்கொள்வோம். அங்கிருந்து வீடு கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஏறாவிட்டால் மாமா கோபித்துக்கொள்வார்.

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டினார். அவருடைய பஸ்ஸின் டயர்கள் ஒரே சீராகத் தேயும். அதை அவர் நல்லொழுக்கமாகவே கருதினார். மாமாவின் முன் டயர்களோ வெளியிலிருந்து பார்த்தால் புதிது, உள்பக்கம் மொட்டை. ஒரு ஜோடி போனது. அடுத்ததும் அப்படியே போனது. மூன்றாவது ஜோடியை மாட்டிய அன்று அப்பா சொல்லிவிட்டார்.

"மழையில பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போற காரு. இதுவும் அப்படிப் போச்சுன்னா வித்துரு. என் வாசல்ல நிக்கக்கூடாது."

மாமாவுக்கு அந்தக் கார்தான் எல்லாம். அவர் செம்பனை லாரிகள் கெடுத்த சாலையைக் குறை சொன்னார், டயர் செய்தவனைக் குறை சொன்னார், இடது டயரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பார்த்தார். மூன்றாவது ஜோடியின் உள்விளிம்பும் வழுக்கையாகத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். காற்றழுத்தம் பார்த்தார், சரி. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. உள்ளங்கையால் டயரை உள்ளிருந்து வெளியே தடவினார், வழவழப்பு. வெளியிலிருந்து உள்ளே தடவினார், அரம்போலக் கீறியது. பிறகு இரண்டு டயர்களுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் தூண்டில் நூலால் அளந்தார். முன்பக்கம்தான் அகலம். கோபித்துக்கொண்ட இருவரைப்போல, சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் போகப் பார்த்தன.

"அலைன்மெண்ட் எப்ப செஞ்ச?"

"போன வாரந்தான் அத்தான். மெஷின்ல வச்சுப் பார்த்தாங்க லா."

"போன வாரம் செஞ்ச கார் இப்படியா நிக்கும்? கடைக்காரன் நல்லா ஏமாத்திருக்கான். வா, வீட்டுக்கே போய்க் கேப்போம்."

"வேணாம் அத்தான். நல்ல மனுஷன் அவரு."

"நல்ல மனுஷன் செய்ற வேலையா இது?" அப்பா செருப்பைத் தேடினார்.

அலைன்மெண்ட் செய்த அன்று கடைக்கு நானும் போயிருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நாங்க மேட்டுல இறங்கவே இல்லையேப்பா."

அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றார். "ஏன் இறங்கல?"

"காரு உயரமா இருந்துச்சு. சும்மாவே ஏறிப் போச்சு."

மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. அவ்வப்போது அவர் குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கை மாட்டுவாராம். உயர்ந்த காரில் அலைன்மெண்ட் பார்த்துக்கொள்வாராம். இரண்டு நாளில் மறுபடி இறக்கிவிடுவாராம். இறக்கியதும் சக்கரங்களின் கோணம் மாறிவிடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"அலமாக்! ஏண்டா ஏத்துற? ஏண்டா இறக்குற?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலேயே கேட்டார். "பெக்கோக் போயிட்டு வந்தியா, தம்பி?"

"பெக்கோக்ல என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டுப் பெரியவரு, இறக்குன கார் ஓட்டுறவனெல்லாம் சம்செங்கு, ரவுடின்னு சொல்லுவாராம்."

"அவரு சொல்றதுல என்ன தப்பு?" என்று அப்பா செருப்பை உதறினார்.

அந்த வாரமே குட்டை ஸ்பிரிங்குகள் சாக்கில் சுற்றப்பட்டு ஸ்டோருக்குள் போயின. உயரத்திலேயே நின்ற காரின் டயர்கள் அதன்பின் சீராகத் தேய்ந்தன. நோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன். இத்தனை டயர்களைப் பாழாக்குவதற்குப் பதில் ஒரே உயரத்தில் விட்டிருக்கலாமே என்று மாமாவிடமும் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்துப் பழத்தட்டுகளோடு பெண் கேட்டு பெக்கோக் போனோம். மேட்டில் யாரும் இறங்கவில்லை. பெரியவர் வாசலுக்கே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல குடும்பக் காரு" என்றார். அப்பா சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். தேநீர் கொண்டுவந்த அக்கா, இன்று என் அத்தை, எனக்குக் கேசரி கொடுக்கும்போது ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் இப்படி ஒசத்திட்டாரு? முன்ன இருந்ததுதான் அழகு."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. பெக்கோக்குக்கு அந்தக் கார் உயரமாகத்தானே வந்திருக்கிறது.

"இறக்குன காரை நீங்க எங்க பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "கேசரி இன்னும் வேணுமா?" என்றார்.

வேண்டும் என்றேன்.